அலெக்சி கித்தாயெவ்: குவாண்டம் கணினிக்கும் செறிபொருள் இயற்பியலுக்கும் நடுவே ஒரு பணிவாழ்வு – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குவாண்டம் கணினி பற்றிய செய்திகளில் கூகுள், மைக்ரோசாஃப்ட் போன்ற பெயர்களே அடிபடுகின்றன. அந்த நிறுவனங்கள் இன்று கட்ட முயல்பவற்றில் கணிசமான பகுதியை 1990களிலேயே தாளில் எழுதிவைத்தவர் ஒரு ரஷ்யக் கோட்பாட்டு இயற்பியலாளர். அவருடைய பணிவாழ்வைப் பற்றி இயற்பியல் மாணவர்களும் ஆர்வமுள்ள வாசகர்களும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். சமன்பாடுகள் இல்லை. ஆனாலும் இரண்டு மூன்று பதில்களை நிதானமாகத்தான் படிக்க வேண்டியிருக்கும்.

கித்தாயெவ் யார்?

1963இல் ரஷ்யாவின் வரோனெஷ் நகரில் பிறந்தவர். மாஸ்கோ இயற்பியல் தொழில்நுட்பக் கழகத்தில் 1986இல் பட்டம் பெற்றார். 1989இல் லாண்டாவ் கோட்பாட்டு இயற்பியல் நிறுவனத்தில் வலேரி பக்ரோவ்ஸ்கியின் வழிகாட்டலில் முனைவரானார். அடுத்த பத்தாண்டுகள் அங்கேயே ஆராய்ச்சியாளர். 1999 முதல் 2001 வரை மைக்ரோசாஃப்ட் ஆராய்ச்சிப் பிரிவில் இருந்தார். 2002 முதல் அமெரிக்காவின் கால்டெக்கில் பேராசிரியர். வேலை பார்த்த இடங்களின் பட்டியல் அவ்வளவுதான். சுவையான பகுதி அவர் என்ன யோசித்தார் என்பதில் இருக்கிறது.

அவர் கணினிக்காரரா, செறிபொருள்காரரா?

இந்தக் கேள்வி ஒரு தவறான எண்ணத்திலிருந்து பிறக்கிறது. கணினி என்றால் பொறியியல், செறிபொருள் என்றால் காந்தமும் மீகடத்தியும் (மின்தடையே இல்லாத பொருள்) என்று நாம் இரண்டு பெட்டிகள் செய்து வைத்திருக்கிறோம். செறிபொருள் இயற்பியல் என்பது எண்ணற்ற துகள்கள் ஒன்றாகச் சேரும்போது என்ன புதிய நடத்தை எழுகிறது என்று பார்க்கும் துறை. குவாண்டம் கணினியும் பல குவாண்டம் துகள்களைச் சேர்த்து ஒரு நிலைக்குக் கொண்டுவரும் கருவிதான். ‘துகள்களின் கூட்டத்துக்குள் தகவல் எங்கே ஒளிந்துகொள்கிறது, அதை யாரால் கெடுக்க முடியும்’ என்ற ஒரே கேள்வியை ஒரு முறை கணினியின் மொழியிலும், மறுமுறை பொருளின் மொழியிலும் அவர் கேட்டார். முப்பது ஆண்டுகால வேலையில் பெரும்பகுதியை இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டே புரிந்துகொள்ளலாம்.

லாண்டாவ் நிறுவனத்தில் பயின்றது முக்கியமா?

மிகவும். மாஸ்கோவுக்கு வடகிழக்கே செர்னகலோவ்கா என்ற சிற்றூரில் இருக்கும் இந்த நிறுவனம், சோவியத் இயற்பியலாளர் லெவ் லாண்டாவின் மாணவர்கள் 1960களில் உருவாக்கியது. பொருளின் நிலைகளைச் சமச்சீரைக் கொண்டு வகைப்படுத்த முடியும் என்பது லாண்டாவின் பெரும் கருத்து. திரவத்தில் எல்லா இடமும் ஒன்றுபோல் இருக்கிறது. படிகத்தில் அந்தச் சமச்சீர் குலைகிறது. காந்தத்துக்கும் இதே விளக்கம் பொருந்தும். 1980களில் பின்ன குவாண்டம் ஹால் விளைவு (கடுங்குளிரிலும் வலிய காந்தப் புலத்திலும் ஒரு தளத்தில் அடைபட்ட எலக்ட்ரான்கள் காட்டும் நடத்தை) வந்து இந்தக் கணக்கைக் கலைத்தது. ஒரே சமச்சீர் உள்ள இரண்டு நிலைகள் வெவ்வேறாக இருந்தன. அவற்றைப் பிரித்துக் காட்டப் புதிய கருத்து தேவைப்பட்டது. சியாவ்-காங் வென் என்ற இயற்பியலாளர் அதற்கு டோபாலஜி ஒழுங்கு என்று பெயரிட்டார்; எந்த ஒரு இடத்திலும் தெரியாமல், மொத்த அமைப்பில் மட்டும் தெரியும் ஒழுங்கு அது. அந்த ஒழுங்குக்கு மிக எளிய மாதிரியைக் கட்டித் தந்தவர்களில் ஒருவர் லாண்டாவின் பெயர் தாங்கிய நிறுவனத்திலிருந்தே வந்தார். குருவின் எல்லையைச் சீடர்களின் வீட்டுப் பிள்ளையே தாண்டியது எனக்குப் பிடித்த விஷயம்.

குவாண்டம் கணினிக்குள் எப்படி நுழைந்தார்?

1994இல் பீட்டர் ஷோர் பெரிய எண்களைப் பகாக் காரணிகளாகப் பிரிக்கும் குவாண்டம் வழிமுறையை வெளியிட்டார். இணையத்தில் நாம் பயன்படுத்தும் சில பூட்டுகளை அது உடைத்துவிடும் என்பதால் உலகம் பரபரத்தது. 1995இல் கித்தாயெவ் அதே முடிவுக்கு வேறொரு பாதையில் வந்தார். ஒரு குவாண்டம் செயலின் சிறப்பு மதிப்பை (சில தனி நிலைகளை அந்தச் செயல் எந்த எண்ணால் பெருக்குகிறதோ அந்த எண்ணை) எப்படி அளப்பது என்று கேட்டார். அந்த அளவீட்டை வைத்து ஷோரின் கணக்கையும், அதைவிடப் பொதுவான ஒரு வகைக் கணக்குகளையும் தீர்த்துக் காட்டினார்.

இன்று பாடநூல்கள் இதைக் கட்ட மதிப்பீடு என்று கற்பிக்கின்றன. மூலக்கூறின் ஆற்றலைக் குவாண்டம் கணினியில் கணக்கிட விரும்புபவர்கள் எடுக்கும் முதல் கருவியும் இதுதான். ஷோரின் பாதையில் எண் கணிதம் முன்னே நிற்கிறது. கித்தாயெவின் பாதையில் இயற்பியல் அளவீடு முன்னே நிற்கிறது. ஆள் யார் என்பது அதிலேயே தெரிந்துவிடுகிறது.

‘டொரஸ் குறியீடு’ என்கிறார்களே, அதை எளிமையாகச் சொல்ல முடியுமா?

முயல்கிறேன். இந்தப் பக்கத்தில் மெதுவாகப் படிக்க வேண்டிய பதில் இது.

குவாண்டம் கணினியின் அடிப்படைத் துன்பம், அதன் தகவல் அலகுகளான க்யூபிட்கள் சுற்றுப்புறத்தின் சிறு தொந்தரவுக்கே கெட்டுப்போவது. சாதாரணக் கணினியில் ஒரு பிட்டை மூன்று பிரதி எடுத்து வைத்துப் பெரும்பான்மையைக் கேட்கலாம். குவாண்டம் நிலையைப் பிரதி எடுக்க இயற்கை அனுமதிப்பதில்லை. அளந்து பார்த்தாலே நிலை குலைந்துவிடும். ஆகவே தகவலைப் பார்க்காமலே பிழையை மட்டும் பார்க்க ஒரு வழி வேண்டும்.

ஒரு சதுர வலையை எடுத்துக்கொள்ளுங்கள். வலையின் ஒவ்வொரு கோட்டுத் துண்டிலும் ஒரு க்யூபிட் உட்கார்ந்திருக்கிறது. வலையின் இடது ஓரத்தை வலது ஓரத்தோடும், மேல் ஓரத்தைக் கீழ் ஓரத்தோடும் ஒட்டிவிட்டால் உளுந்து வடையின் மேற்பரப்பு கிடைக்கும், நடுவில் துளை. அந்த வடிவத்தின் பெயர்தான் டொரஸ். இப்போது இரண்டு வகைக் கூட்டுக் கேள்விகள் கேட்கிறோம். ஒவ்வொரு சந்தியிலும் கூடும் நான்கு க்யூபிட்களிடம் ஒன்று. ஒவ்வொரு கட்டத்தையும் சூழ்ந்திருக்கும் நான்கு க்யூபிட்களிடம் மற்றொன்று. இரண்டுமே ஒற்றைப்படையா, இரட்டைப்படையா என்பதை மட்டும் கேட்கும். தனி க்யூபிட் எந்த நிலையில் இருக்கிறது என்று கேட்பதில்லை.

ஒரு க்யூபிட்டில் பிழை நேர்ந்தால் அதன் இரு பக்கத்திலும் இருக்கும் கேள்விகளின் விடை மாறும். பிழைகள் தொடர்ச்சியாக ஒரு கோடுபோல் நேர்ந்தால் கோட்டின் இரண்டு முனைகளில் மட்டும் மணி அடிக்கும். நடுவில் ஒன்றும் தெரியாது. அந்த இரு முனைகளை மறுபடி இணைத்துவிட்டால் பிழை தீர்ந்தது. பழைய பாதையிலேயே திரும்ப வேண்டும் என்றுகூட இல்லை. எந்தப் பாதையில் இணைத்தாலும், மூடிய வளையம் துளையைச் சுற்றிப் போகாதவரை தகவலுக்குச் சேதமில்லை. சேமித்த தகவல் எந்த ஒரு க்யூபிட்டிலும் இல்லை. துளையைச் சுற்றி வரும் வளையங்களில்தான் அது இருக்கிறது. டொரஸில் இப்படி வேறுபட்ட இரண்டு சுற்றுகள் இருப்பதால் இரண்டு தருக்க க்யூபிட்களை (பல க்யூபிட்கள் சேர்ந்து காக்கும் தகவல் அலகுகளை) ஒளித்து வைக்கலாம். வலையைப் பெரிதாக்கினால், தகவலைக் கெடுக்கத் தேவையான பிழைக் கோடும் நீளும்.

இப்போது அதே படத்தைச் செறிபொருளின் மொழியில் பாருங்கள். எல்லாக் கேள்விகளுக்கும் இரட்டைப்படை விடை வரும் நிலை, ஒரு பொருளின் மிகக் குறைந்த ஆற்றல் நிலை. மணி அடிக்கும் முனைகள் அந்தப் பொருளில் உலவும் துகள்கள். இரு வகைத் துகள்களில் ஒன்றை மற்றொன்றைச் சுற்றி ஒரு முறை கொண்டுவந்தால் அலைச்சார்பின் குறி மாறும். ஒன்றையொன்று பொறுத்தவரை இவை, இயற்கையின் வழக்கமான இரு துகள் வகைகளான போசானைப் போலவும் இல்லை, ஃபெர்மியானைப் போலவும் இல்லை. இருபரிமாணத்தில் மட்டுமே வாழும் எனியான்கள். பிழை திருத்தும் குறியீடும் பொருளின் புதிய நிலையும் ஒரே பொருளின் இரண்டு பெயர்கள் என்பதுதான், இந்தக் குறியீட்டை முன்வைத்த அவருடைய 1997 கட்டுரையின் சாரம்.

கூகுள் கட்டியிருப்பது இதைத்தானா?

பாதிக்குப் பாதி. ஆய்வகத்தில் வடை வடிவில் சில்லு செய்வது கடினம். ஓரங்கள் உள்ள தட்டையான வலைக்கு இதை மாற்றும் வழியை செர்கெய் பிராவியும் கித்தாயெவும் 1998இல் காட்டினார்கள். அதுதான் இன்று பரப்புக் குறியீடு என்று வழங்குகிறது. 2024 டிசம்பரில் வெளிவந்த கூகுளின் வில்லோ சில்லில் 105 க்யூபிட்கள் இருக்கின்றன. வலையை 3க்கு 3, 5க்கு 5, 7க்கு 7 என்று பெரிதாக்கியபோது ஒவ்வொரு படியிலும் தருக்கப் பிழை ஏறத்தாழப் பாதியாகக் குறைந்தது. பெரிதாக்கினால் பிழை குறையும் என்ற தாளின் வாக்கு வன்பொருளில் மெய்யானது.

மற்றப் பாதி என்ன? தன்னைத்தானே காத்துக்கொள்ளும் ஒரு பொருள்தான் 1997 கட்டுரையின் கனவு. இடைவிடாமல் கேள்வி கேட்டுக்கொண்டிருக்க வேண்டாம். பொருளின் இயல்பே பிழையைத் தடுக்கும். கூகுளின் சில்லில் அப்படி எதுவும் நடப்பதில்லை. நொடிக்குப் பல லட்சம் முறை அளந்து, பக்கத்தில் ஒரு சாதாரணக் கணினி உட்கார்ந்து எந்த முனையை எந்த முனையோடு இணைப்பது என்று கணக்கிடுகிறது. இருபரிமாண டொரஸ் குறியீட்டால் வெப்பத்தில் தானாகத் தாக்குப்பிடிக்க முடியாது என்பதும் பின்னால் தெளிவானது. நான்கு பரிமாணத்தில் முடியும். அதனால் நமக்குப் பயன் இல்லை.

மயோரானா என்று மைக்ரோசாஃப்ட் சொல்வதற்கும் இவருக்கும் என்ன தொடர்பு?

2000ஆம் ஆண்டின் இறுதியில் கித்தாயெவ் ஒரு சிறிய கட்டுரையை, அச்சாகும் முன்பே கட்டுரைகளை இலவசமாகப் பகிரும் ஆர்க்கைவ் தளத்தில் இட்டார். ஒரு மெல்லிய கம்பி; அதில் ஒரு தனி வகை மீகடத்தி நிலை. கணக்கின்படி ஒவ்வொரு எலக்ட்ரானையும் இரண்டு மயோரானா பாதிகளாக எழுதலாம்; மயோரானா என்பது தனக்குத் தானே எதிர்த்துகளாக இருக்கும் துகள். அது வெறும் எழுத்து மாற்றம்தான். ஆனால் கம்பி சரியான கட்டத்தில் இருந்தால் ஒவ்வொரு பாதியும் அடுத்த எலக்ட்ரானின் பாதியோடு ஜோடி சேர்கிறது. இடது முனையில் ஒரு பாதியும் வலது முனையில் ஒரு பாதியும் துணையில்லாமல் நின்றுவிடுகின்றன. அந்த இரண்டும் சேர்ந்தால்தான் ஒரு எலக்ட்ரான் நிலை. ஒரு முனையில் மட்டும் நிகழும் தொந்தரவால் அதைத் தொட முடியாது. க்யூபிட்டுக்கு இதைவிட நல்ல ஒளிவிடம் எது?

கோட்பாடு அழகானது. சோதனைகளின் கதை அவ்வளவு நேரானதல்ல. 2012இல் நெதர்லாந்தின் டெல்ஃப்ட் குழு இண்டியம் ஆன்டிமனைடு நானோ கம்பியில் மயோரானாவின் அடையாளம் கண்டதாக அறிவித்தது. 2018இல் இன்னும் உறுதியான சான்று என்று நேச்சர் இதழில் வந்த கட்டுரை 2021இல் திரும்பப் பெறப்பட்டது. 2025 பிப்ரவரியில் மைக்ரோசாஃப்ட் ‘மயோரானா 1’ சில்லை அறிவித்தபோது, கூடவே வந்த நேச்சர் கட்டுரையின் மதிப்பாய்வுக் கோப்பிலேயே, இம்முடிவுகள் அக்கருவிகளில் மயோரானா நிலைகள் இருப்பதற்குச் சான்றல்ல என்று ஆசிரியர் குழுவின் குறிப்பு இருந்தது. சிக்கல் என்னவென்றால், கம்பியில் உள்ள சாதாரண ஒழுங்கின்மையும் மயோரானாவைப் போலவே சமிக்ஞை காட்டும்.

விளம்பரம் குறைவாகக் கிடைத்த ஒரு பாதை எனக்கு அதிக நம்பிக்கை தருகிறது. 2023இல் டெல்ஃப்டில் இரண்டே குவாண்டம் புள்ளிகளை (எலக்ட்ரான்களை அடைத்துவைக்கும் நுண்ணிய இடங்களை) மீகடத்தி வழியே இணைத்து, மிகச் சிறிய கித்தாயெவ் சங்கிலியை (மேலே சொன்ன கம்பியின் மாதிரியை) அமைத்துக் காட்டினார்கள். இரண்டு கண்ணிகள் உள்ள சங்கிலியில் பாதுகாப்பு என்று பெரிதாக ஒன்றும் இல்லை. ஆனால் அங்கே எல்லாக் குமிழ்களும் கையில் இருக்கின்றன. என்ன நடக்கிறது என்று தெரிந்து திருகலாம்.

தேன்கூட்டு மாதிரி என்பது என்ன? அதில் சென்னைக்குப் பங்கு உண்டா?

உண்டு. 2006இல் கித்தாயெவ் வெளியிட்ட நீண்ட கட்டுரை அறுகோண வலையில் அமைந்த காந்தத்தைப் பற்றியது. ஒவ்வொரு முனையிலும் மூன்று பிணைப்புகள். ஒவ்வொரு முனையிலும் இருக்கும் சிறு காந்தம்தான் தற்சுழற்சி. ஒரு திசைப் பிணைப்பு அதன் ஒரு கூறை மட்டும் இணைக்கும். அடுத்த திசை இன்னொரு கூறை. எந்தத் தற்சுழற்சியாலும் மூன்று அண்டை வீட்டாரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்த முடியாது. ஆகவே காந்தம் உறையாமல், குவாண்டம் தற்சுழற்சித் திரவமாகவே இருந்துவிடுகிறது. இருபரிமாணத்தில் இப்படி ஒரு மாதிரியை முழுமையாகத் தீர்க்க முடிவது மிக அரிது.

2007இல் சென்னை கணித அறிவியல் நிறுவனத்தைச் சேர்ந்த ஜி. பாஸ்கரன், சப்தர்ஷி மண்டல், ஆர். சங்கர் ஆகிய மூவரும் இந்த மாதிரியில் தற்சுழற்சிகளின் இயக்கத்தைத் துல்லியமாகக் கணக்கிட்டார்கள். ஒரு தற்சுழற்சியைத் தொட்டால் அது உடைந்து, நகராத இரண்டு பாயங்களாகவும் (வலையின் அறுகோணங்களில் தங்கும் காந்தச் சுழல் போன்றவை) ஓடித் திரியும் ஒரு மயோரானாவாகவும் பிரிகிறது. தற்சுழற்சிகளுக்கு இடையிலான ஒத்திசைவு ஒட்டியிருக்கும் அண்டையைத் தாண்டிப் போவதில்லை. இத்துறையில் பரவலாக மேற்கோள் காட்டப்படும் முடிவு இது. தரமணியில் நடந்த வேலை என்பது நம் மாணவர்களில் பலருக்குத் தெரியாது.

2009இல் ஜாக்கெலி, காலியூலின் இருவரும் இரிடியம் போன்ற கனமான தனிமங்களின் சேர்மங்களில் இத்தகைய பிணைப்பு இயல்பாகவே உருவாகலாம் என்று காட்டினார்கள். அன்று முதல் சோடியம் இரிடேட், ஆல்ஃபா ருத்தீனியம் குளோரைடு ஆகியவற்றைச் சுற்றிப் பெரும் வேட்டை நடக்கிறது. ருத்தீனியம் குளோரைடு சுமார் 7 கெல்வினில் சாதாரணக் காந்தமாக உறைந்துவிடுகிறது. காந்தப் புலம் கொடுத்து அதைக் கலைத்தால்தான் திரவத்தைத் தேட முடியும். 2018இல் ஜப்பானியக் குழு ஒன்று மயோரானாவுக்கே உரிய அரைப் பங்கு வெப்பக் கடத்தலைக் கண்டதாக எழுதியது. அதன் பொருள் குறித்த வாதம் இன்னும் ஓயவில்லை.

குவாண்டம் கணினி எல்லாக் கணக்கையும் போட்டுவிடுமா?

போடாது என்று காட்டியவர்களிலும் இவர் ஒருவர். ஒரு பொருளின் மிகக் குறைந்த ஆற்றலைக் கண்டுபிடிப்பது, பொதுவாக எடுத்துக்கொண்டால், குவாண்டம் கணினிக்கே கடினமான வகையில் சேரும் என்று 1999 வாக்கில் நிறுவினார். ஐந்தைந்து துகள்கள் ஊடாடும் நிலைக்கு அவர் காட்டியது, ஜூலியா கெம்பே, ஓடட் ரெகெவ் இருவருடனும் செய்த 2006 கட்டுரையில் இரண்டிரண்டு துகள்கள் வரை இறங்கியது. புதிய மருந்தும் புதிய மின்கலமும் நாளைக்கே வந்துவிடும் என்று கூறும் விற்பனைப் பேச்சுக்கு எதிரே இந்தத் தேற்றத்தை வைத்துப் பார்ப்பது நல்லது. இயற்கையில் கிடைக்கும் பொருள்கள் மிகக் கடினமான வகையில் விழ வேண்டிய கட்டாயம் இல்லை என்பதும் உண்மை.

கருந்துளை ஆராய்ச்சியிலும் இவர் பெயர் வருகிறதே?

சுபிர் சச்தேவ், ஜின்வு யே இருவரும் 1993இல் ஒழுங்கற்ற காந்தம் ஒன்றுக்கு ஒரு மாதிரி எழுதினார்கள். 2015இல் சான்டா பார்பராவில் ஆற்றிய உரைகளில் கித்தாயெவ் அதைச் சுருக்கினார். மயோரானாக்கள் நான்கு நான்காக, தற்போக்கான வலிமையில், எல்லாமே எல்லாவற்றோடும் ஊடாடும். இந்த அமைப்பு எவ்வளவு வேகமாகக் குழம்பும் என்று கணக்கிட்டால், இயற்கை அனுமதிக்கும் உச்ச வேகம் வருகிறது. கருந்துளையும் அதே வேகத்தில்தான் குழப்பும். மூவர் பெயரின் முதலெழுத்துகளால் எஸ்ஒய்கே மாதிரி என்று அழைக்கப்படும் இதில் அதன் பின் எழுதப்பட்ட கட்டுரைகளைக் குவித்தால் ஒரு அலமாரி போதாது.

அவர் நிறைய எழுதுபவரா?

இல்லை. டொரஸ் குறியீட்டுக் கட்டுரையை 1997 ஜூலையில் ஆர்க்கைவில் இட்டார். இதழில் அச்சானது 2003இல். எஸ்ஒய்கே பல மாதங்கள் வரை உரைகளின் காணொளியாகத்தான் உலவியது. மற்றவர்கள் அதைப் பார்த்துக் குறிப்பெடுத்துக் கட்டுரை எழுதினார்கள்.

இதைப் படித்துவிட்டு ஒரு முனைவர் பட்ட மாணவர் நானும் அப்படியே இருப்பேன் என்று கிளம்பக் கூடாது. நம் ஊர்ப் பணித் தேர்வுக் குழு எதுவும் ஆறு ஆண்டு அச்சாகாத கட்டுரைக்காகக் காத்திருக்காது. பெரும்பாலான நாடுகளிலும் இதே நிலைதான். அவருக்கு அது கைகூடியதற்கு, கட்டுரையின் எண்ணிக்கையைப் பார்க்காமல் கட்டுரையைப் படித்துப் பார்க்கும் ஆட்கள் சுற்றிலும் இருந்தது ஒரு காரணம்.

பரிசுகள்?

2008இல் மெக்கார்தர் ஆய்வுநல்கை. 2012இல் யூரி மில்னர் தொடங்கிய அடிப்படை இயற்பியல் பரிசின் முதல் ஒன்பது பேரில் ஒருவர். தலைக்கு 30 லட்சம் டாலர். அதே பட்டியலில் அப்போது அலகாபாத்தில் இருந்த அசோக் சென்னும் இருந்தார். 2015இல் டிராக் பதக்கம், 2017இல் வென்னுடன் பக்லி பரிசு. நோபல் பற்றிக் கேட்பவர்களுக்கு: அது வழக்கமாகச் சோதனையில் உறுதியான பின்பே வரும். மயோரானாவும் தற்சுழற்சித் திரவமும் இன்னும் வழக்கு மன்றத்தில் இருக்கின்றன.

இந்தியாவிலிருந்து இத்துறைக்கு வர என்ன படிக்க வேண்டும்?

இயற்பியல் முதுகலை, ஜெஸ்ட் அல்லது நெட் தேர்வு, பிறகு சென்னை கணித அறிவியல் நிறுவனம், மும்பை டாட்டா நிறுவனம், பெங்களூரு ஐஐஎஸ்சி, ஐஐடிகள் என்று பாதை தெரிந்ததுதான். 2023 ஏப்ரலில் மத்திய அரசு ஒப்புதல் தந்த தேசிய குவாண்டம் திட்டத்துக்கு ஒதுக்கப்பட்டது 6,003.65 கோடி ரூபாய். அதனால் இடங்கள் கூடியிருக்கின்றன. பாடத்தில் எதைப் பிடிக்க வேண்டும் என்றால், நேரியல் இயற்கணிதம் கைவசமாக வேண்டும். பல துகள் குவாண்டம் இயக்கவியலை விருப்பப் பாடம் என்று தள்ளிவிடக் கூடாது. குவாண்டம் கணினிக்கென்று விற்கப்படும் மூன்று மாதச் சான்றிதழ்ப் படிப்புகள் இந்த இரண்டுக்கும் ஈடாகாது.

அவருடைய எந்தக் கட்டுரையை முதலில் படிக்கலாம்?

2000ஆம் ஆண்டின் மயோரானா கம்பிக் கட்டுரை. குறுகியது, முதுகலை மாணவருக்கு எட்டக்கூடியது, ஆர்க்கைவில் இலவசமாகக் கிடைக்கிறது. படிக்கும்போது தாளும் பேனாவும் எடுத்து, மூன்று கண்ணிகள் மட்டும் உள்ள சங்கிலியைத் தாமாகவே போட்டுப் பாருங்கள். தாவலும் ஜோடி சேர்க்கையும் சமமாக, வேதி அழுத்தம் சுழியாக இருக்கட்டும். மொத்தம் எட்டு நிலைகள் கிடைக்கும். அவை மூன்று ஆற்றல் மட்டங்களில் 2, 4, 2 என்று அமர வேண்டும். அடிமட்டத்தில் இருக்கும் அந்த இரண்டில் ஒன்றில் எலக்ட்ரான் எண்ணிக்கை இரட்டைப்படை, மற்றதில் ஒற்றைப்படை. வேறு எண்கள் வந்தால், முதலில் ஃபெர்மியான் குறிகளைச் சரிபாருங்கள்.